கல்லூரியில் கம்யூனிகேஷன் பாடம் எடுத்திருக்கிறேன், தேர்தல் பிரசாரத்திலும் வேலை பார்த்திருக்கிறேன். பிஎச்டி நேர்முகத்தில் இதையெல்லாம் சொல்லலாமா?

தாராளமாகச் சொல்லுங்கள். நான் இப்போது தகவல் தொடர்புத் துறையில் ஆய்வு மாணவன், ஊர் காரைக்குடிப் பக்கம். அதற்கு முன் ஒரு கல்லூரியில் கம்யூனிகேஷன் வகுப்பு எடுத்தேன். இடையில் ஒரு சட்டமன்றத் தேர்தலில் வேட்பாளர் ஒருவருக்காக வீடு வீடாக ஏறி இறங்கினேன். எந்தக் கட்சி என்பது இங்கே வேண்டாம். நேர்முகத்தில் நீங்களும் அதை எடுத்துக்கொடுக்காதீர்கள், பேச்சு அந்தப் பக்கம் போய்விடும். என்ன வேலை பார்த்தீர்கள், அதில் என்ன கண்டீர்கள் என்று சொன்னால் போதும்.

'வேட்பாளரின் செய்தியை மக்களிடம் கொண்டு சேர்த்தேன்' என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் அதில் சரக்கே இல்லை. எங்கள் பக்கத்துக் கதை ஒன்று சொல்கிறேன்.

செட்டிநாட்டுப் பெரிய வீடுகள் பலவற்றுக்கு முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று போய் மறுதெருவில் முடியும். முன்வாசலில் பூட்டுத் தொங்கும். வீட்டுக்காரர்கள் சென்னையிலோ மலேசியாவிலோ இருப்பார்கள், வாக்காளர் பட்டியலில் மட்டும் அந்தக் கதவெண்ணில் பெயர்கள் வரிசையாக நிற்கும். எங்கள் பையன்கள் பூட்டில் நோட்டீசைச் செருகிவிட்டு டிக் போட்டுக்கொண்டு போவார்கள். பின்வாசலுக்குச் சுற்றிப் போனால் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் குடும்பம் இருக்கும். எந்த ஆச்சி முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கு மட்டும் வருவார், யார் இறந்தும் பெயர் நீக்காமல் கிடக்கிறது, எல்லாம் அங்கே தெரியும். அப்படி ஒரு வீட்டில் அந்த அம்மா, "தம்பி, அவுக வந்து நாலு வருசமாச்சு. எங்க ஓட்டையெல்லாம் கேக்க மாட்டியளா?" என்றார். அவர் ஓட்டு சொந்த ஊரில் இருந்தது. எங்கள் கையிலிருந்த தாளில் அவர் பெயர் இல்லை, அதனால் யாரும் அவரிடம் பேசவே இல்லை. யாரிடம் பேசுவது என்பதைப் பேச்சாளர் முடிவு செய்வதில்லை, பட்டியல் முடிவு செய்கிறது. நேர்முகத்தில் நான் இதைத்தான் சொன்னேன். அதன் பிறகு கேள்விகள் எல்லாம் இதைச் சுற்றியே வந்தன.

கோட்பாட்டையும் தொட்டுக்காட்டினால் நல்லது. 1940 அமெரிக்க அதிபர் தேர்தலின்போது ஒஹாயோவின் ஈரி கவுண்டியில் பால் லாசர்ஸ்ஃபெல்டும் அவருடைய குழுவும் வாக்காளர்களைத் திரும்பத் திரும்பச் சந்தித்து ஆராய்ந்தார்கள். ரேடியோவும் பத்திரிகையும் நேராக ஆளை மாற்றுவதைவிட, அவற்றைக் கவனிக்கிற சிலர் வழியாகத்தான் கருத்து மற்றவர்களுக்குப் போகிறது என்ற எண்ணம் அதிலிருந்து பிறந்தது. இருபடி ஓட்டம் என்று நாம் நடத்துகிறோமே, அதுதான். நூறு நாள் வேலை நடந்த கண்மாய்க் கரையில் இதைக் கண்ணால் பார்த்தேன். வேட்பாளர் மைக்கில் பேசிக்கொண்டிருக்க, பெண்கள் சுய உதவிக்குழுத் தலைவியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் கூலி பாக்கியைப் பற்றிக் கேட்ட பிறகுதான் மற்றவர்களும் வாய் திறந்தார்கள். ஆனால் அந்தத் தலைவிக்கே அரசியல் சேதி திருப்பூரில் இருக்கும் மகன் அனுப்பும் வாட்ஸ்அப்பில்தான் வருகிறது. அப்படியென்றால் இது எத்தனை படி?

ஆசிரியர் வேலையை வெறும் 'அனுபவம்' என்று ஒரு வரியில் முடித்துவிடாதீர்கள். எங்கள் ஊர் மேடைப்பேச்சில் ஊறிய ஊர். சா. கணேசன் 1939-இல் கம்பன் கழகம் தொடங்கியது காரைக்குடியில்தான். 1962-இல் அவரே சுதந்திராக் கட்சி சார்பில் இதே தொகுதியில் ஜெயித்தார். அந்தக் காற்று பட்ட பிள்ளைகளை 'பேசு' என்றால் 'ஆன்றோர்களே, சான்றோர்களே' என்றுதான் ஆரம்பிப்பார்கள். அழகாகவும் இருக்கும், குறை சொல்ல மாட்டேன். பிரசாரம் முடிந்து வகுப்புக்குத் திரும்பியதும் நான் வேறொரு பயிற்சி சேர்த்தேன்: அடுப்பில் குழம்பு கொதிக்கிறது, வீட்டம்மா வாசலில் நிற்கிறார், வீடு மாறினால் ஓட்டை மாற்ற படிவம் 8 கொடுக்க வேண்டும் என்று ஒரு நிமிடத்தில் புரிய வை. வகுப்பின் முதல்தரப் பேச்சாளர்கள் இதில் திணறினார்கள், மூலையில் உட்காரும் பையன் அலட்டாமல் செய்தான். மதிப்பெண் முறையை மாற்ற வேண்டியதாயிற்று. இப்படி ஒன்று உங்களிடமும் இருக்கும், யோசியுங்கள்.

அப்புறம், நுழைவுத்தேர்வு நடத்தும் இடங்களில் 2022 யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதிப்படி எழுத்துத் தேர்வுக்கு 70, நேர்முகத்துக்கு 30 சதவீதம். ஆக இந்தக் கதையெல்லாம் எடுபடுவது அந்த 30-க்குள்தான். முதலில் தேர்வுக்குப் படியுங்கள்.

இன்னொன்று. பிரசாரத்தில் சேர்த்த போன் நம்பர்கள், வீட்டு விவரங்கள் உங்கள் கையில் இருந்தால் அவற்றை ஆய்வுக்கு எடுக்காதீர்கள். அவர்கள் கொடுத்தது ஓட்டு கேட்க வந்தவரிடம், ஆராய்ச்சிக்கு அல்ல. நெறிமுறைக் குழு முதலில் கேட்பதே சம்மதம் வாங்கினீர்களா என்றுதான். ஆய்வாளராக மறுபடி போய், சொல்லிவிட்டுக் கேளுங்கள்.