ரைஸ் கேக்கின் மேல் என்ன வைக்கலாம்?

உணவு ஆலோசனை: வாசகர் கேள்வி, எங்கள் பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ரைஸ் கேக் பற்றியவை. சூப்பர் மார்க்கெட்டில் நீள உறையில் அடுக்கி விற்கும், பொரியை வட்டமாக அழுத்தியது போன்ற தின்பண்டத்தைத்தான் சொல்கிறேன். உணவு ஆலோசகராக எனக்கு இதைப் பற்றித் தெளிவான கருத்து உண்டு. அதை ஒளிக்காமல் சொல்கிறேன்.

கேள்வி: கணினி நிறுவனத்தில் வேலை செய்கிறேன். மாலை ஐந்து மணிக்குப் பசி வந்துவிடும். பஜ்ஜி, பப்ஸ் வேண்டாம் என்று ரைஸ் கேக் வாங்கி மேசையில் வைத்திருக்கிறேன். நான்கு தின்றாலும் அரை மணி நேரத்தில் மறுபடி பசிக்கிறது. ருசியும் இல்லை. மேலே எதைத் தடவினால் நல்லது? அவகாடோ (வெண்ணெய்ப் பழம்) தடவலாமா?
– வாசகி, கோவை

பதில்: பசிப்பதில் வியப்பே இல்லை. இது எப்படி உருவாகிறது என்று பாருங்கள். லேசாக ஈரப்பதம் ஏற்றிய அரிசியைச் சூடான உலோக அச்சில் இட்டு மூடி அழுத்துவார்கள். சில நொடிகளில் அச்சு சட்டென்று விலகும். அரிசிக்குள் இருந்த நீர் ஆவியாகிச் சீறி வெளியேற, ஒவ்வொரு மணியும் பொரிந்து பக்கத்து மணியோடு ஒட்டிக்கொள்ளும். எண்ணெயோ பசையோ தேவையில்லை. கையில் கிடைப்பதில் பெரும்பங்கு காற்று. சாதாரண அளவு வட்டு ஒன்றின் எடை 9 கிராம். சுமார் 35 கலோரி. மாவுச்சத்து 7 கிராம். புரதம் ஒரு கிராமுக்கும் குறைவு. நீங்கள் தின்னும் நான்கையும் சேர்த்தால்கூட 3 கிராம் புரதம் தேறுவது கடினம். அவித்த முட்டை ஒன்றிலேயே 6 கிராம் இருக்கிறது.

காலையில் இட்லி, மதியம் சோறு, மாலையிலும் அரிசி என்று போகும் நம் வீடுகளில், வட்டின் மேல் வைப்பதாவது அரிசிக்கு வெளியே இருந்து வரவேண்டும். பயறு, பருப்பு, கடலை, தயிர், முட்டை, மீன் என்று எதுவானாலும் சரி. ஜாம் தடவினால் மாவுச்சத்தின் மேல் சர்க்கரையை ஏற்றியதாகத்தான் ஆகும்.

இதற்கு நான் முதலில் பரிந்துரைப்பது துவையல். சட்னி வேண்டாம், நீர் பட்ட வட்டு இரண்டே நிமிடத்தில் நமுத்துவிடும். கெட்டியாக, உருட்டி எடுக்கும் பதத்தில் அரைத்த துவையல்தான் இதற்குப் பொருந்தும். கோவைக்காரரான உங்களுக்குக் கொள்ளைப் பற்றி நான் சொல்லித் தரவேண்டியதில்லை. 50 கிராம் கொள்ளை வாசம் வரும்வரை வறுத்து, குழைய வேகவைத்து நீரை வடித்துவிடுங்கள். (அந்த நீரைக் கொட்டாதீர்கள், ரசத்துக்கு ஆகும்.) இரண்டு வற்றல் மிளகாய், நான்கு சின்ன வெங்காயம், இரண்டு பல் பூண்டு, அரை ஸ்பூன் சீரகம் இவற்றை நல்லெண்ணெயில் வதக்கி, சுண்டைக்காய் அளவு புளியும் உப்பும் சேர்த்து, தண்ணீர் தெளிக்காமல் அரையுங்கள். நான்கு வட்டுகளுக்குத் தாராளமாக வரும். அந்தக் கொள்ளில் மட்டும் 11 கிராம் புரதம் இருக்கிறது. இரண்டு வட்டு தின்றால் ஒரு முட்டைக்குச் சமமான புரதம் வயிற்றுக்குள் போய்விடும், நார்ச்சத்தும் சேர்ந்து போகும். இரவுச் சாப்பாடு வரை தாங்கும்.

அலுவலகத்தில் அதற்கெல்லாம் வசதி ஏது என்று கேட்பீர்கள். காலையில் அரைத்துச் சிறு டப்பாவில் எடுத்துப் போனால், வெங்காயம் வதக்கிய துவையல் மாலை வரை கெடாது. தேங்காய் சேர்த்தால் மட்டும் ஃபிரிட்ஜ் வேண்டும். வட்டில் தடவுவது தின்னும் நேரத்தில் நடக்கட்டும்.

ஒரே துவையல் சலித்தால் வேர்க்கடலைக்கு மாறுங்கள். வறுத்துத் தோல் நீக்கிய கடலையை மிக்ஸியில் விட்டு விட்டு ஓட்டினால் முதலில் பொடியாகும், பிறகு உருண்டு திரளும், பொறுமையாக இருந்தால் தானே எண்ணெய் விட்டு இளகும். உப்பு ஒரு சிட்டிகை போதும். கடையில் வாங்கும் வேர்க்கடலை வெண்ணெயிலும் உறையைத் திருப்பிப் பாருங்கள். கடலை, உப்பு தவிர சர்க்கரையும் பாமாயிலும் எழுதியிருந்தால் திரும்ப அலமாரியில் வைத்துவிடுங்கள். ஒரு மேசைக்கரண்டியில் 4 கிராம் புரதம் இருக்கிறது, ஆனால் 95 கலோரியும் இருக்கிறது. மெல்லிய பூச்சுதான் கணக்கு, மலைபோல் குவிப்பது அல்ல. அதன் மேல் வாழைப்பழத் துண்டுக்குப் பதில் வெள்ளரி வட்டமும் மிளகுத்தூளும் வைத்துப் பாருங்கள். எனக்கு மிகப் பிடித்த சேர்க்கை அது.

எண்ணெய்ப் பசையுள்ள பூச்சுக்கு இன்னொரு பயனும் உண்டு. மேலே வைக்கும் காய்கறியின் ஈரம் உடனே உள்ளே இறங்காமல் அது தடுக்கும். இட்லிப் பொடியை நல்லெண்ணெயில் குழைத்துத் தடவி, அதன் மேல் துருவிய கேரட்டோ விதை நீக்கிய தக்காளியோ வைத்தால் மொறுமொறுப்பு சற்று நேரம் நிற்கும்.

அவகாடோவைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். தாண்டிக்குடிப் பக்கத்துத் தோட்டங்களில் விளையும் வெண்ணெய்ப் பழம் கிடைக்கும் பருவத்தில் தாராளமாகச் சாப்பிடுங்கள். நல்ல கொழுப்பும் நார்ச்சத்தும் அதில் உண்டு. புரதம் மட்டும் 100 கிராமுக்கு 2 கிராம்தான். எலுமிச்சைச் சாறு விட்டு மசித்துத் தடவி, மேலே ஒரு பிடி பொட்டுக்கடலை தூவுங்கள். பருவம் இல்லாதபோது அதிக விலை கொடுத்து வாங்க வேண்டிய அவசியம் எதுவும் இல்லை.

கேள்வி: வயது 58. எட்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மாத்திரை எடுக்கிறேன். மகள் ரைஸ் கேக் வாங்கி அனுப்பியிருக்கிறாள். வாழைப்பழம் நறுக்கி வைத்து, தேன் ஊற்றிச் சாப்பிடச் சொல்கிறாள். தேன் இயற்கையானதுதானே?
– வாசகர், மதுரை

பதில்: ஐயா, மகளின் அன்பு பெரிது. ஆனால் இந்தச் சேர்க்கை உங்களுக்கு வேண்டவே வேண்டாம்.

பொரிந்த அரிசியின் மாவுச்சத்து குடலில் மிக விரைவாகக் கரைந்து இரத்தத்தில் சேர்கிறது. தூய குளுக்கோஸை 100 என்று வைத்து அளக்கும் கிளைசெமிக் குறியீட்டில் ரைஸ் கேக் பெரும்பாலும் 80ஐ ஒட்டி நிற்கும். வட்டின் எடை குறைவாக இருப்பதால் ஒன்றிரண்டு தின்பதில் பெரும் ஆபத்து இல்லை. இரண்டு வட்டில் ஒரு துண்டு ரொட்டியின் அளவுக்கு மாவுச்சத்து இருக்கும். ஆனால் ஒரு மேசைக்கரண்டி தேனில் மட்டும் 17 கிராம் சர்க்கரை இருக்கிறது, இரண்டு வட்டையும்விட அதிகம். அது பூவிலிருந்து வந்ததா ஆலையிலிருந்து வந்ததா என்று உங்கள் இரத்தம் பிரித்துப் பார்ப்பதில்லை. வாழைப்பழம் சேர்ந்தால் இன்னும் ஏறும்.

மகள் அனுப்பியதை வீணாக்க வேண்டாம். ஒரு வேளைக்கு இரண்டு வட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். கெட்டித் தயிரை மெல்லிய துணியில் கட்டி மூன்று நான்கு மணி நேரம் ஃபிரிட்ஜில் நீர் வடிய வைத்தால் வெண்ணெய் போலத் திரண்டு வரும். அதில் துருவிய வெள்ளரியைப் பிழிந்து போட்டு, மிளகு, கொத்தமல்லி சேர்த்துத் தடவுங்கள். முளைகட்டிய பச்சைப்பயறை ஆவியில் வேகவைத்து, ஒன்றிரண்டாக மசித்து, எலுமிச்சையும் இஞ்சியும் சேர்த்தும் வைக்கலாம். பனீரை உதிர்த்து மிளகு போட்டு வதக்கி வைப்பதும் நன்றாக இருக்கும். புரதமும் கொழுப்பும் கூடவே போகும்போது வயிறு மெதுவாகக் காலியாகும், சர்க்கரை ஏறும் வேகமும் தணியும். ஊறுகாயை மட்டும் தொடாதீர்கள். உலகச் சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழ் என்று சொல்லும் உப்பில் பெரும்பங்கை ஊறுகாயே தின்றுவிடும்.

வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால் தின்னும் முன்பும், இரண்டு மணி நேரம் கழித்தும் பார்த்துக் குறித்து வையுங்கள். உங்கள் உடம்பு இதை எப்படி ஏற்கிறது என்பதற்கு அதைவிட நல்ல சான்று இல்லை. சிறுநீரகத்தில் ஏதும் குறை இருப்பதாக மருத்துவர் சொல்லியிருந்தால், பயறும் பனீரும் எவ்வளவு என்று அவரிடம் கேட்டுவிட்டே தொடங்குங்கள்.

கேள்வி: எட்டு வயது மகனுக்குப் பள்ளிக்கூடத்துக்கு ரைஸ் கேக் கொடுத்து விடுகிறேன். அங்கே கச்சான் (வேர்க்கடலை) வகை எதுவும் கொண்டுவரக் கூடாது. அவனோ பாணும் பட்டரும் வேண்டாம் என்கிறான். நாங்கள் யாழ்ப்பாணத்தவர்கள், உறைப்பு சாப்பிடுவான்.
– வாசகி, டொராண்டோ

பதில்: உறைப்பு சாப்பிடும் பிள்ளை என்றால் உங்கள் வேலை பாதி முடிந்தது. டின் மீனை நீர் வடித்து, முள் பார்த்து, தேசிக்காய்ப் புளி, பொடியாக வெட்டிய வெங்காயம், பச்சை மிளகாய், மிளகு சேர்த்து மசித்துக் கொடுத்து விடுங்கள். சம்பலுக்குப் போடும் மாசிக் கருவாட்டையும் ஒரு சிட்டிகை இதில் கலக்கலாம். உப்பை அதற்கேற்பக் குறைத்துவிட வேண்டும். பின்னேரம் தாளிக்கிற கொண்டைக்கடலையில் ஒரு கைப்பிடியை எடுத்து வைத்து, மறுநாள் காலை எள்ளும் உள்ளியும் சேர்த்து அரைத்தால் இன்னொரு நாளைக்கு ஆயிற்று. எள் சிலருக்கு ஒவ்வாமை தருவது என்பதால் பள்ளியின் தடைப் பட்டியலை ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

பூச்சு தனி டப்பாவில், பனிக்கட்டிப் பொதியோடு. வட்டு தனி டப்பாவில், காற்றுப் புகாமல். அவனே தடவிக்கொள்ளட்டும். தன் கையால் செய்ததைப் பிள்ளைகள் மிச்சம் வைப்பது குறைவு.

கேள்வி: பேரனுக்குப் பத்து மாதம். பல் முளைக்கிறது. ரைஸ் கேக்கில் தேன் தடவிக் கொடுத்தால் சப்பிக்கொண்டே இருப்பான் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள்.
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: அம்மா, கொடுக்கவே கொடுக்காதீர்கள். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கூடாது. அதில் இருக்கக்கூடிய நுண்ணுயிர் விதைகள் குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சு சுரக்கும். அதனால் உயிருக்கே ஆபத்து நேரலாம்.

வட்டும் வேண்டாம். நீர் தேங்கிய வயலில் வளர்வதால் நெல் மண்ணிலுள்ள ஆர்செனிக்கை மற்ற தானியங்களைவிட அதிகமாக உறிஞ்சுகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2016 முதல் ரைஸ் கேக்கில் அது எவ்வளவு இருக்கலாம் என்று வரம்பு விதித்திருக்கிறது. சுவீடன் அரசின் உணவுத் துறை ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு ரைஸ் கேக்கே தரவேண்டாம் என்கிறது. பெரியவர்கள் எப்போதாவது தின்பதற்கு அஞ்ச வேண்டியதில்லை. பேரனின் சிறு உடம்புக்கு அந்த அளவுகூட எதற்கு? உடைந்த துண்டு தொண்டையில் சிக்கும் பயமும் இருக்கிறது. ஈறு ஊறினால் சுத்தமான துணியைக் குளிர்ந்த நீரில் நனைத்துக் கொடுங்கள். பசிக்குக் கேழ்வரகுக் கூழும் மசித்த பருப்பும் இருக்கின்றன.

கேள்வி: எங்கள் ஊரில் ரைஸ் கேக் கிடைப்பதில்லை, இணையத்தில் வாங்கினால் விலை அதிகம். கடையில் படி கணக்கில் விற்கும் பொரியை வைத்து இதையெல்லாம் செய்ய முடியுமா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: தாராளமாக. இரண்டும் பொரிந்த அரிசிதான். பொரி தயாரிக்கும்போது உப்பு சேர்ப்பது வழக்கம் என்பதால் மேலே போடும் சேர்க்கைக்கு உப்பு வேண்டாம். தடவ முடியாது, கலக்கத்தான் முடியும். அதனால் அளவு தப்பும் வாய்ப்பு அதிகம். இரண்டு கைப்பிடி பொரிக்கு ஒரு கைப்பிடி சுண்டல், அரைக் கைப்பிடி வறுத்த வேர்க்கடலை, மீதி மாங்காய்த் துருவல், வெங்காயம், கேரட். கிண்ணத்தில் பொரியைவிட மற்றவை அதிகமாகத் தெரிய வேண்டும். வெறும் வாணலியில் பொரியை ஒரு நிமிடம் சூடுகாட்டி, ஆறியபின் கலந்தால் நமுத்த பொரியும் மொறுமொறுப்பாகிவிடும். காரமெல், சீஸ் என்று மணம் சேர்த்து விற்கும் வட்டுகளைக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். அவற்றில் சர்க்கரையும் உப்பும் முதலிலேயே ஏறியிருக்கும்.