பெட்ஷீட்டில் குலம் காட்டிய பெண்ணுக்கு எந்தப் படிப்பு?

போன வாரம் சென்னிமலையிலிருந்து ஒரு தறிக்காரக் குடும்பம் என்னிடம் யோசனை கேட்டு வந்திருந்தது. பெண் பிளஸ் டூ படிக்கிறாள். “ஏனுங்க சார், கணக்குதான் படிப்பேன்னு ஒரே அடம். அவ மாமன் கோயமுத்தூர்ல கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட்டே பேசி வெச்சுட்டாரு” என்றார் அம்மா. பயப்படாதீங்க என்றுதான் ஆரம்பித்தேன். நன்கொடைக்காக நாலு தறியில் ரெண்டை விற்கப்போவதாக அப்பா சொன்னதும் என் பேச்சு மாறிவிட்டது.

விற்காதீர்கள். பிள்ளைக்குப் பிடிக்காத படிப்புக்காகச் சோறு போடும் தறியை விற்பதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன்.

அவள் கணக்கு நோட்டில் ‘குலம்’ என்று அடிக்கோடிட்டிருந்தது. “எந்தக் குலம் அம்மணி?” என்றேன். எனக்கென்று கொண்டுவந்த பெட்ஷீட்டை மேசையில் விரித்தாள். அப்படியே விடலாம், அரைச்சுற்று திருப்பலாம், நீளவாக்கில் புரட்டலாம், அகலவாக்கில் புரட்டலாம். துணி பழைய இடத்திலேயே பொருந்தி உட்கார நான்கே வழி. இரண்டு புரட்டலையும் அடுத்தடுத்துச் செய்தால் அரைச்சுற்று வந்துவிடுகிறது. எந்த இரண்டைச் சேர்த்தாலும் இந்த நான்குக்குள்தான் அடங்கும். சும்மா விடுவது சமனி, அதாவது எதோடு சேர்த்தாலும் அதை மாற்றாதது. எதைச் செய்தாலும் மறுபடி அதையே செய்தால் பழைய நிலை. சேர்ப்புப் பண்பும் உண்டு: மூன்றை அடுத்தடுத்துச் செய்யும்போது முதல் இரண்டைச் சேர்த்துப் பார்த்தாலும் கடைசி இரண்டைச் சேர்த்துப் பார்த்தாலும் விடை ஒன்றுதான். “இதுதாங்க சார் கணக்குல வர்ற குலம், இங்கிலீஷ்ல குரூப். சதுரத் துணின்னா எட்டு வழி, அங்கே வரிசை மாத்தினா விடையும் மாறும்” என்றாள். இதை எந்தக் கோச்சிங்கும் சொல்லிக்கொடுக்கவில்லை, அவளே தேடிப் படித்தது.

இந்தப் பெண்ணுக்கான இடம் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் பெங்களூரு மையம். மூன்று வருட பி.மேத்., அதாவது கணிதப் பட்டப்படிப்பு. ஈரோட்டில் ரயிலேறினால் அரை நாள்கூட ஆகாது. கல்விக் கட்டணம் கிடையாது, நன்றாகப் படிப்பவர்களுக்கு மாத உதவித்தொகையும் உண்டு. நுழைவுத்தேர்வு மே மாதம்: காலையில் 30 கேள்விக்கு விடையைத் தேர்ந்தெடுக்க வேண்டும், மதியம் 8 கணக்குக்கு ‘ஏன்’ என்று காரணத்தோடு எழுத வேண்டும். லேசான தேர்வு அல்ல. பழைய வினாத்தாள்கள் நிறுவனத்தின் இணையதளத்திலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. அங்கே இடம் கிடைக்காவிட்டால் பக்கத்து அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம், அதிலும் குறைவில்லை.

“கணக்குப் படிச்சா டீச்சர் வேலைதானே?” என்கிறாராம் மாமன். அவர் அனுப்பும் வாட்ஸப் செய்தியைப் பூட்டும் முறைக்குள் இருப்பதும் ஒரு குலம்தான், ‘நீள்வட்ட வளைவு’ என்ற கணித வளைகோட்டின் புள்ளிகளால் ஆனது. டேட்டா வேலைக்கும் நிதி நிறுவனங்களுக்கும் இப்படி யோசிக்கிற ஆள் வேண்டும்.

அம்மணி, நாளையிலிருந்து தினம் ஒரு பழைய கணக்கைக் காரணத்தோடு முழுசாக எழுது. அப்பா, சீட்டுக்கு முன்பணம் கட்டாதீங்க. மாமனிடம் நானே பேசுகிறேன், நம்பர் கொடுங்க.