சைக்கிள் கிளப்பில் சேரத் தயக்கம்: என் வேகம் போதுமா?

கேள்வி: எனக்கு வயது 43. ஓராண்டாகத் தனியாகச் சைக்கிள் ஓட்டுகிறேன். விடுமுறை நாட்களில் 25 கிலோமீட்டர் வரை போவேன். சராசரி வேகம் மணிக்கு 17 கிலோமீட்டர் என்று செயலி காட்டுகிறது. அருகில் ஒரு கிளப் இருக்கிறது, போட்டி எதுவும் இல்லை, வாரம் ஒருமுறை சேர்ந்து ஓட்டுகிறார்கள். சேர ஆசைதான். ஆனால் என்னுடையது சாதாரண ஹைபிரிட் சைக்கிள், அங்கே பலரிடம் ரோடு பைக் எனும் வேகச் சைக்கிள். பின்தங்கிப்போய் எல்லோருக்கும் தொல்லையாகிவிடுவேனோ என்று பயம். இன்னும் சில மாதம் பயிற்சி எடுத்துவிட்டுப் போகட்டுமா?

பதில்: வேண்டாம், இப்போதே போங்கள். தனியாக எத்தனை மாதம் ஓட்டினாலும் கால் பலப்படுமே தவிர, கூட்டத்தில் ஓட்டும் பழக்கம் வராது. கிளப்பில் பழையவர்கள் புதியவரிடம் கவனிப்பதும் வேகத்தை அல்ல. இவர் நேராக ஓட்டுகிறாரா, சட்டென்று பிரேக் பிடிக்கிறாரா என்றுதான் பார்ப்பார்கள். மெதுவாக வருகிறவருக்காக ஒரு திருப்பத்தில் ஐந்து நிமிடம் நின்றால் போதும். சொல்லாமல் கொள்ளாமல் வளைகிறவருக்குப் பின்னால் ஓட்டத்தான் யாரும் விரும்ப மாட்டார்கள்.

முதலில் அந்த 17 என்ன கணக்கு என்று பாருங்கள். சிக்னலில் நின்ற நேரத்தையும் சேர்த்தா, சேர்க்காமலா? கிளப்புகள் பொதுவாகச் சொல்வது ஓடும்போது உள்ள சராசரியை. நிதானமான குழுக்கள் பல 18 முதல் 22 வரை போகும். நிற்கும் நேரத்தைக் கழித்தால் நீங்கள் ஏற்கெனவே அந்த இடத்தில் இருக்கக்கூடும். தவிர, சமதளத்தில் வேகம் 20-ஐத் தாண்டும்போது நம்மை இழுத்துப் பிடிப்பது பெரும்பாலும் காற்றுதான். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறும். முன்னால் ஒருவர் போனால் அதில் ஒரு பங்கை அவர் வாங்கிக்கொள்வார். ஒட்டி ஓட்டத் தெரிந்தவர்களுக்கு நல்ல வேகத்தில் கால்வாசிக்கு மேல் உழைப்பு மிச்சமாகும். புதியவர் இடைவெளி விட்டுத்தான் ஓட்ட வேண்டும் என்பதால் அவ்வளவு கிடைக்காது, ஆனாலும் கிடைக்கும். மேட்டில் மட்டும் இந்தச் சலுகை அநேகமாக இல்லை. அங்கே அவரவர் வேகத்தில் ஏறி, உச்சியில் நின்று சேர்ந்துகொள்வதுதான் வழக்கம்.

சேர்வதற்கு முன் ரைடை நடத்துபவரிடம் பேசுங்கள். "புதியவர்கள் வரலாமா?" என்று கேட்காதீர்கள், எல்லாக் கிளப்பும் ஆமாம் என்றுதான் சொல்லும். போன முறை இதே ரைடில் சராசரி வேகம் எவ்வளவு, மொத்தத் தூரம் எவ்வளவு, ஏற்றம் எத்தனை மீட்டர், எங்கெங்கே நின்று எல்லோரும் சேர்வீர்கள் என்று கேளுங்கள். அப்புறம் முக்கியமான கேள்வி: கடைசியாக வருகிறவரோடு யார் வருவார்? அதற்கு ஒரு ஆளின் பெயர் பதிலாக வந்தால் நம்பிப் போகலாம். பின்காவலாக வரும் அந்த ஆளை ஸ்வீப் என்பார்கள். "யாரையும் விட்டுவிட மாட்டோம்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு ஆளைக் காட்டாத இடத்தில் எனக்குச் சந்தேகம் வரும். உறுப்பினர் ஆவதற்கு முன் ஓரிரு முறை வந்து பார்க்கப் பல கிளப்புகள் விடுகின்றன. கிளப்புக்குக் காப்பீடு உண்டா, சும்மா வந்து பார்ப்பவருக்கும் அது பொருந்துமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் ரைடு 30, 35 கிலோமீட்டருக்குள் இருக்கட்டும். வீட்டிலிருந்து கூடும் இடத்துக்குப் போய்வரும் தூரத்தையும் அதில் சேருங்கள், பலர் இதைக் கணக்கில் எடுப்பதில்லை. அதே கிளப்பில் சிலர் பிரெவே என்ற நெடுந்தூர ரைடு பற்றிப் பேசுவார்கள். அதில் குறைந்தபட்சமே 200 கிலோமீட்டர், 13.5 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். கேட்டு மிரள வேண்டாம், அது வேறு கதை.

இனி ஓட்டும் முறை. குழுவில் விழுகிறவர்களில் பலர் விழுவது ஒரே காரணத்தால்: முன்சக்கரம் முன்னால் போகிறவரின் பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டில் நுழைந்திருக்கும். அவர் ஒரு பள்ளத்துக்காக லேசாக விலகினால் இரண்டு சக்கரமும் உரசும். அவருக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. பின்னால் வந்தவருக்கு ஹேண்டில்பார் பிடிபடாது, விழுவார். ஆகவே சக்கரங்கள் ஒன்றையொன்று தாண்டாமல், குறைந்தது ஒரு சைக்கிள் நீளம் விட்டு வாருங்கள். இறக்கத்திலும் ஈரச்சாலையிலும் இன்னும் அதிகம். முன்சக்கரத்தையே முறைத்துப் பார்க்காமல், முன்னே போகிறவரின் தோளுக்கு மேலாக இரண்டு மூன்று பேர் தள்ளிப் பாருங்கள். வேகம் குறைவது முன்கூட்டியே தெரிந்தால் பிரேக் தேவைப்படாது, மிதிப்பதைக் கொஞ்சம் தளர்த்தினாலே போதும். மேட்டில் சீட்டைவிட்டு எழும்போது சைக்கிள் ஒரு கணம் பின்வாங்கும். எழுவதற்கு முன் ஒரு கியர் கனமாக்கி, அழுத்தம் விடாமல் எழுந்தால் பின்னால் வருகிறவர் தப்பிப்பார்.

பள்ளம், சரளை, நிற்கப் போகிறோம் என்பதையெல்லாம் முன்னே இருப்பவர் சத்தமாகச் சொல்வார், அல்லது கையால் காட்டுவார். அதை அப்படியே பின்னால் கடத்த வேண்டும். கையை எடுத்தால் தள்ளாடுவீர்கள் என்றால் வாயால் சொன்னால் போதும். இரண்டு பேர் அருகருகே போகலாமா என்பது உங்கள் ஊர்ச் சட்டத்தையும் ரைடு லீடரையும் பொறுத்தது. காதில் இயர்போன் கூடவே கூடாது.

பயிற்சி எடுத்தே ஆக வேண்டும் என்றால் இதற்கு எடுங்கள்: ஆளில்லாத இடத்தில் ஒரு கையால் ஓட்டுவது, கோடு மாறாமல் தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்ப்பது, ஓட்டிக்கொண்டே பாட்டிலை எடுத்துக் குடித்துவிட்டு வைப்பது. சில நாட்களில் கைவரும்.

ஹைபிரிட் ஒரு குறையே இல்லை. டயர் கொஞ்சம் அகலம், நிமிர்ந்து உட்காருவதால் காற்றும் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். காற்றழுத்தத்தை டயரின் பக்கத்தில் அச்சிட்ட எல்லைக்குள் சரியாக வையுங்கள், பாதிக் குறை அங்கேயே தீரும். ஹெல்மெட், விளக்கு, தண்ணீர், பம்ப், டயரைக் கழற்றும் லீவர் வேண்டும். மாற்று டியூப் கட்டாயம் உங்களுடையதாக இருக்கட்டும். பஞ்சர் போட நாலு பேர் ஓடி வருவார்கள். ஆனால் அவர்களிடம் இருப்பது ரோடு பைக்குக்கான மெல்லிய டியூப். அவற்றில் பெரும்பாலும் ஒல்லியான பிரெஸ்டா வால்வு. உங்கள் டயரில் 700x35 என்றோ 35-622 என்றோ இதுபோல ஓர் அளவு எழுதியிருக்கும், அதைப் பார்த்து, உங்கள் சைக்கிளில் இப்போது உள்ள அதே வகை வால்வுள்ள டியூப் வாங்குங்கள். லைக்ரா உடை விருப்பம். ஷூவைப் பூட்டும் கிளிப் பெடல் இப்போது வேண்டாம், அதைக் குழுவில் முதன்முதலாகப் பழகுவது விபரீதம்.

அங்கே போனதும் புதியவர்கள் பணிவாகக் கடைசியில் போய் நிற்பார்கள். உள்ளதிலேயே களைப்பான இடம் அதுதான். முன்னே இருப்பவர் திருப்பத்தில் லேசாக வேகம் குறைத்துக் கூட்டினால் வரிசை ரப்பர் பட்டை போல நீளும், கடைசி ஆள் ஒவ்வொரு முறையும் முக்கி மிதித்து எட்டிப் பிடிக்க வேண்டும். "இது எனக்கு முதல் ரைடு" என்று லீடரிடம் சொல்லிவிட்டு முன்பாதியில் ஒரு பழைய ஆளின் பின்னால் இடம் கேளுங்கள். முதல் பத்து கிலோமீட்டர் உற்சாகத்தில் பறக்காதீர்கள். மூச்சு வாங்காமல் பேச முடிகிற வேகம்தான் சரி. ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் போகும் என்றால் கடிக்க ஏதாவது பையில் இருக்கட்டும், பசிக்கும் முன் சாப்பிடுங்கள்.

முடியவில்லை, பாதியில் திரும்ப வேண்டும் என்றாலும் தப்பில்லை. ஆனால் ஸ்வீப்பிடம் சொல்லாமல் கிளம்பிவிடாதீர்கள், அடுத்த நிறுத்தத்தில் மொத்தக் குழுவும் உங்களைத் தேடிக்கொண்டு நிற்கும்.