அம்மாவுக்கு வாயில் புற்றுநோய் என்கிறார்கள். கத்தி வைத்தால் பரவிவிடுமா? டொக்டரிடம் என்ன கேட்க வேண்டும்?

மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அம்மா கொழுந்து பறிக்கிறவர். கன்னத்தின் உட்பக்கம் ஆறாத புண். பயொப்சி எடுத்துப் பார்த்துப் புற்றுநோய் என்று சொல்லிவிட்டார்கள். ஒப்பரேஷனுக்குக் கண்டிக்கு வரச்சொல்லித் துண்டும் கொடுத்தாயிற்று. லயத்தில் ஆளாளுக்கு "கத்தி பட்டால் பரவிவிடும், சும்மா இருக்கிறதைக் கிளறாதே" என்கிறார்களாம். அம்மாவும் போகமாட்டேன் என்று பிடிவாதம். ஒட்டுமா, பரம்பரையா, முடி கொட்டுமா, எவ்வளவு செலவாகும், டொக்டரிடம் என்ன கேட்பது, அம்மாவிடம் உண்மையைச் சொல்லலாமா என்று இன்னும் பல கேள்விகள். அம்மாயியும் வெத்திலை போடுகிறவர் என்று கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறார்.

தம்பி, கொடுத்த தேதிக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

நான் டொக்டர் இல்லை, ஹட்டனில் படிப்பிக்கிறேன். என் அம்மாவும் மலையில் நின்று கொழுந்து பறித்தவர்தான். அவருக்கும் கன்னத்தில்தான் வந்தது. ஒப்பரேஷன், கதிர்ச்சிகிச்சை எல்லாம் முடிந்து இன்றைக்கும் எங்களோடு இருக்கிறார். ஆஸ்பத்திரி வாங்கில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன். உங்கள் அம்மாவின் ரிப்போர்ட்டைக் கையில் வைத்திருக்கிற டொக்டர் வேறு மாதிரிச் சொன்னால் அவர் சொல்வதைக் கேளுங்கள்.

கத்திப் பேச்சு எங்கள் லயத்திலும் இருந்தது. அது இவ்வளவு ஊன்றிப்போனதற்குக் காரணம், ஆட்கள் அதைக் கண்ணால் பார்த்ததாக நினைப்பதுதான். மேட்டு லயத்தில் ஒருவர் ஒப்பரேஷன் செய்தார், ஆறு மாதத்தில் போய்விட்டார் என்பார்கள். அவர் எந்த நிலையில் ஆஸ்பத்திரிக்குப் போனார் என்று யாரும் கேட்பதில்லை. வாய் திறக்க முடியாமல், கழுத்தில் கட்டி தட்டுப்பட்டு, சோறு இறங்காமல் ஆன பிறகு போயிருப்பார். நோய் அதற்கு முன்பே கழுத்து நெறிக்கட்டிகளுக்கு இறங்கியிருக்கும். பழி மட்டும் கத்தி மேல்.

வாய்ப் புற்றுநோய்க்குப் பெரும்பாலும் ஒப்பரேஷன்தான் முதல் வைத்தியம். புண்ணை மட்டும் சுரண்டி எடுப்பதில்லை. சுற்றிலும் நல்ல சதையையும் ஒரு சென்டிமீட்டர் அளவுக்குச் சேர்த்து எடுக்கிறார்கள். எடுத்ததை லேபுக்கு அனுப்பி, ஓரம் சுத்தமாக இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். பல பேருக்குக் கழுத்து நெறிக்கட்டிகளையும் அதே ஒப்பரேஷனில் எடுத்துவிடுவார்கள். பயொப்சி எடுத்ததால் பரவியிருக்குமோ என்ற பயமும் வேண்டாம். மரத்துப்போக ஊசி போட்டு எடுக்கிற சின்னத் துண்டு அது. அது இல்லாமல் எது புற்றுநோய், எது வெறும் புண் என்று எவராலும் அடித்துச் சொல்ல முடியாது. நோய் பரவுவது நாம் தள்ளிப்போடும் மாதங்களில்தான்.

"வலியே இல்லையே, எதற்கு வெட்ட வேண்டும்?" என்று அம்மா கேட்பார். என் அம்மாவும் கேட்டார். இந்த நோய் ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது. வலிக்காத காலத்தில் போனால்தான் குறைவாக வெட்டி நிறையக் காப்பாற்றலாம். இதை அம்மாவுக்குப் பொறுமையாகச் சொல்லுங்கள், ஒரு தடவையில் ஏறாது.

வெத்திலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். மலையில் குளிருக்கும், பசிக்கும், அட்டை கடிக்கிற மழைக்கும் அதுதான் துணை. பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை வைத்து மடித்து ஒரு பக்கம் அடக்கிக்கொண்டால் மத்தியானம் வரைக்கும் தாங்கும். அடக்கி வைக்கிற அந்தக் கன்னத்தில்தான் நோயும் பெரும்பாலும் வருகிறது. என் அம்மா அடக்குவது இடப்பக்கம், வந்ததும் இடப்பக்கம். புகையிலையை விட்டுவிட்டேன், வெறும் பாக்குத்தானே என்பவர்கள் நிறையப் பேர். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004இல் வெளியிட்ட அறிக்கையில் பாக்கையே தனியாகப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாகச் சேர்த்துவிட்டது. புகையிலை கலக்காத பாக்கும் அதில் அடக்கம். இலங்கையில் ஆண்களுக்கு அதிகம் வரும் புற்றுநோயே வாய்ப் புற்றுநோய்தான். தோட்டத்துப் பெண்களிலும் நிறையப் பேர் வெத்திலை போடுகிறார்கள். அம்மாவைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. காலையிலிருந்து நின்றபடி வேலை செய்கிற உடம்புக்கு அவர் தேடிக்கொண்ட ஆறுதல் அது. ஆனால் இனி வேண்டாம். சிகிச்சை நடக்கும்போதும் போட்டால் காயம் ஆறாமல் இழுக்கும், வேறு இடத்தில் புதிதாக வரவும் இடமுண்டு.

டொக்டரிடம் கேட்க வேண்டியதை ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு போங்கள். கிளினிக் கூட்டத்தில் உள்ளே போன உடனே எல்லாம் மறந்துவிடும். முதலில், நோய் எத்தனையாவது நிலையில் இருக்கிறது, கழுத்துக்கு இறங்கியிருக்கிறதா என்று கேளுங்கள். 1 முதல் 4 வரை நிலை சொல்வார்கள். புண் 2 சென்டிமீட்டருக்குள், ஆழமும் குறைவு, கழுத்துக்கும் போகவில்லை என்றால் முதல் நிலை. நான்கு என்று சொன்னால் கைவிட்டதாக நினைத்து அழுதுகொண்டு வெளியே வந்துவிடாதீர்கள். பக்கத்துத் தாடை எலும்புக்குள் இறங்கியிருந்தாலே நான்கு என்று எழுதுவார்கள். அந்த நிலையிலும் ஒப்பரேஷன் செய்து குணமானவர்கள் இருக்கிறார்கள். அப்புறம், எவ்வளவு எடுப்பார்கள், அந்த இடத்தை எதால் மூடுவார்கள், எப்போது வாயால் சாப்பிடலாம் என்று கேளுங்கள். முன்கையிலிருந்தோ நெஞ்சிலிருந்தோ தொடையிலிருந்தோ சதை எடுத்து வைத்துத் தைப்பார்கள். சில நாட்களுக்கு மூக்கு வழியாகக் குழாய் போட்டுத்தான் சாப்பாடு. இதை முன்பே சொல்லி வைத்தால் அம்மா கண் விழிக்கும்போது பயப்படமாட்டார்.

பல்லைப் பற்றியும் மறக்காமல் கேளுங்கள். ஒப்பரேஷனுக்குப் பிறகு கதிர்ச்சிகிச்சை கொடுப்பதாக இருந்தால், சொத்தைப் பல், ஆடுகிற பல் எல்லாவற்றையும் அதற்கு முன்பே பிடுங்கி, ஈறு ஆறியிருக்க வேண்டும். கதிர் பட்ட தாடைக்கு இரத்த ஓட்டம் குறைந்துவிடும். பிறகு பல் பிடுங்கினால் அந்த இடம் ஆறாமல் எலும்பே செத்துப்போகலாம். பல வருஷம் கழித்துப் பல்வலி என்று போனாலும், எனக்கு வாயில் கதிர் கொடுத்திருக்கிறது என்று முதலில் சொல்ல வேண்டும். என் அம்மாவின் கிளினிக் கொப்பி அட்டையிலேயே இதைச் சிவப்புப் பேனாவால் எழுதி வைத்திருக்கிறேன்.

மொழியும் ஒரு பாடு. எல்லா வார்டிலும் தமிழ் தெரிந்த ஒருவர் இருப்பார் என்று சொல்ல முடியாது. டொக்டர் சிங்களத்தில் சொல்லச் சொல்ல என் அம்மா "ஹரி, ஹரி" (சரி, சரி) என்று தலையாட்டினார். வெளியே வந்து என்ன சொன்னார்கள் என்று கேட்டால் ஒன்றும் விளங்கவில்லை என்கிறார். சிங்களம் நன்றாகத் தெரிந்த ஒருவர் கட்டாயம் கூடப் போக வேண்டும். யாரும் இல்லையென்றால் கேள்விகளைச் சிங்களத்தில் எழுதி வாங்கிக்கொண்டு போங்கள். ஒப்பரேஷனுக்குக் கையெழுத்துக் கேட்கும் கடதாசியில் என்ன இருக்கிறது என்று தமிழில் விளங்கப்படுத்தச் சொல்லிக் கேளுங்கள். கேட்பதற்கு நமக்கு உரிமை இருக்கிறது, தயங்க வேண்டாம். ரிப்போர்ட் எல்லாவற்றையும் போனில் படம் பிடித்து வையுங்கள்.

கதிர்ச்சிகிச்சையை நம் ஆட்கள் கரண்ட் பிடிக்கிறது என்பார்கள். கேட்டதும் ஷொக் அடிக்கும் என்று பயம். அதில் மின்சாரம் உடம்பில் பாய்வதே இல்லை. எக்ஸ்ரே எடுக்கிற மாதிரி படுக்க வைப்பார்கள், சில நிமிஷத்தில் முடிந்துவிடும், கொடுக்கும்போது வலிக்காது. முகம் அசையாமல் இருக்க முதலில் ஒரு மூடி செய்வார்கள். வலைபோல ஓட்டை ஓட்டையான பிளாஸ்டிக் தகட்டைச் சுடுதண்ணீரில் போட்டு இளக்கி, ஈரத்தோடு முகத்தில் அழுத்துவார்கள். மூக்கு, தாடை எல்லாம் அச்சாகப் பதிந்து இறுகிவிடும். ஒவ்வொரு நாளும் அதை மாட்டி, மேசையோடு பூட்டித்தான் கதிர் கொடுப்பது. மூடிய இடம் என்றால் மூச்சு முட்டுகிறவராக அம்மா இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

வழமையாக வாரத்தில் ஐந்து நாள், ஆறு வாரம். மஸ்கெலியாவிலிருந்து தினமும் போய்வர முடியாது. ஆகவே வார்டில் இடம் தருவார்களா, தங்குமிடம் ஏதும் இருக்கிறதா என்று ஒப்பரேஷன் முடிந்த கையோடு கேட்டு வையுங்கள். ஒப்பரேஷனுக்கும் கதிருக்கும் இடையில் ஆறு வாரத்துக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்வது நல்லது. ஆரம்பித்த பிறகு நடுவில் விடக் கூடாது. இரண்டாவது மூன்றாவது வாரத்தில் வாயெல்லாம் வெந்து, எச்சில் வற்றி, ருசி போய்விடும். அம்மா போதும் என்று பெட்டியைக் கட்டுவது அப்போதுதான். அது நோய் கூடியதால் வருவது அல்ல, கதிரால் வருகிற புண். முடிந்த சில வாரத்தில் பெரும்பாலும் ஆறிவிடும். எச்சில் திரும்புவது மட்டும் மெதுவாகத்தான். அதுவரை உப்பும் அப்பச்சோடாவும் கலந்த தண்ணீரில் அடிக்கடி வாய் கொப்பளிக்கட்டும். மிளகாய், புளி வேண்டாம். பருப்பைக் கடைந்து, முட்டை அவித்து மசித்து, பால் கஞ்சி என்று ஆறவைத்துக் கொடுங்கள். எடை குறையாமல் இருப்பது மிக முக்கியம். சீனி சாப்பிட்டால் புற்று வளரும் என்று பட்டினி போடச் சொல்பவர்களைக் கேட்காதீர்கள். கதிரோடு மருந்தும் ஏற்றுகிறார்கள் என்றால், 38 பாகைக்கு மேல் காய்ச்சல் வந்ததும் பனடோல் கொடுத்துவிட்டு விடியட்டும் என்று இருக்க வேண்டாம். உடனே ஆஸ்பத்திரி. 1990க்கு அடித்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமாகவே பதில் உண்டு. புற்றுநோய் ஒட்டாது. அம்மாவின் தட்டு, கோப்பையைப் பிரித்து வைத்து அவர் மனசை நோகடிக்காதீர்கள். கதிர் எடுத்துவிட்டு வந்தவர் பிள்ளையைத் தூக்கலாம், பக்கத்தில் படுக்கலாம். ஒட்டுவது சில புற்றுநோய்க்குக் காரணமான வைரஸ். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கான எச்பிவி அப்படி. அதற்குத்தான் 2017 முதல் ஆறாம் தரத்துப் பெண்பிள்ளைகளுக்குப் பாடசாலையில் ஊசி போடுகிறார்கள். வீட்டில் அந்த வயதில் தங்கச்சி இருந்தால் போடவிடுங்கள். வாய்ப் புற்றுநோய் பெரும்பாலும் பரம்பரையாக வருவதில்லை, பழக்கத்தால் வருவது. வாய்க்குக் கதிர் கொடுத்தால் தலைமுடி எல்லாம் கொட்டாது, கதிர் படும் இடத்தில் மட்டும் போகலாம். முள் அன்னமுன்னா இலை அவித்துக் குடித்தால் சரியாகிவிடும் என்று ஒருவர் கட்டாயம் வருவார். அதை நம்பி தேதியைத் தவறவிட்டவர்களை வார்டில் பார்த்திருக்கிறேன், பேசவே முடியாத நிலையில். எதைக் குடிப்பதென்றாலும் டொக்டருக்குத் தெரியாமல் வேண்டாம்.

செலவு என்று பார்த்தால், அரச ஆஸ்பத்திரியில் ஒப்பரேஷனுக்கும் கதிருக்கும் காசு இல்லை. கண்டி, பதுளை, மஹரகம புற்றுநோய் ஆஸ்பத்திரி எதுவானாலும் அப்படித்தான். காசு கரைவது பஸ்ஸிலும், கூட நிற்பவரின் சாப்பாட்டிலும், வேலைக்குப் போகாததால் பேர் விழாமல் போகிற நாள் சம்பளத்திலும். ஈபிஎப் (ஊழியர் சேமலாப நிதி) பணத்தில் 30 வீதம் வரை வைத்தியத்துக்கு முன்கூட்டியே எடுக்க ஒரு முறை இருக்கிறது, நிபந்தனைகளோடு. தொழில் திணைக்கள அலுவலகத்தில் அம்மாவின் நம்பரைக் கொண்டுபோய் விசாரியுங்கள். பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரையும் ஒரு தடவை பாருங்கள்.

அம்மாவிடம் சொல்லலாமா என்றால், சொல்லுங்கள். எங்கள் வீட்டில் பெரியவர்கள் மறைக்கச் சொன்னார்கள். ஆனால் மஹரகம என்ற பேர் காதில் விழுந்தாலே தோட்டத்தில் எல்லோருக்கும் என்னவென்று தெரியும். மறைத்தால் அவர் தனியாகப் பயப்படுவார், அவ்வளவுதான். "கன்னத்தில் இருப்பது புற்று, எடுக்க முடியும் என்கிறார்கள், நான் கூட வருகிறேன்" என்று நேராகச் சொல்லுங்கள். எத்தனை வருஷம் என்ற கணக்கை அவரே கேட்டால் டொக்டரிடம் விடுங்கள். லேப் ரிப்போர்ட் முழுதாக வரும்வரை அவர்களாலும் சொல்ல முடியாது.

கடைசியாக அம்மாயி. இன்றைக்கே வெளிச்சத்தில் உட்கார வைத்து, வாயைக் கொப்பளிக்கச் சொல்லி, டோர்ச் அடித்துப் பாருங்கள். இரண்டு கன்னத்தின் உட்பக்கம், நாக்கின் ஓரம், நாக்குக்கு அடியில். துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், தடிப்பு இருக்கிறதா? கறி காரமே இல்லாவிட்டாலும் எரிகிறது என்கிறாரா? அவருடைய மூன்று விரலை நிமிர்த்தி வாய்க்குள் வைக்க முடியாமல் இருக்கிறதா? இதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. 1980களிலேயே இலங்கையில் பொதுச் சுகாதார ஊழியர்களுக்குப் பழக்கி, ஊர் ஊராக வாயைப் பார்த்து இந்தத் திட்டுகளைக் கண்டுபிடித்துக் காட்டியிருக்கிறார்கள். இந்த அறிகுறிகளில் ஒன்று இருந்தாலும் ஜெல் வாங்கிப் பூசிக்கொண்டிராமல் பக்கத்து அரச ஆஸ்பத்திரியின் பல் கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள். தேவைப்பட்டால் அவர்களே பேராதனை பல் வைத்தியசாலைக்குத் துண்டு தருவார்கள். திட்டாக இருக்கும்போதே காட்டினால் பல பேருக்கு அது இன்னும் புற்றுநோயாக மாறியிருக்காது. சிலருக்கு அந்த இடத்தை மட்டும் எடுத்துவிடுவார்கள், சிலரை வெத்திலையை நிறுத்தச் சொல்லி, தேதி போட்டுத் திரும்பத் திரும்ப வரச்சொல்லிப் பார்ப்பார்கள்.