பூனை கடித்த இலை

கேள்வி: குன்னூருக்கு அருகில் ஒரு பழைய வீட்டுக்குக் குடிவந்திருக்கிறோம். வாசலில் ஹைட்ரேஞ்சியா, வேலியோரம் அசேலியா. எட்டு மாதப் பூனைக்குட்டி நேற்று இருமுறை வாந்தி எடுத்தது. வாந்தியில் ஹைட்ரேஞ்சியா இலைத் துண்டு கிடந்தது. இன்று நன்றாகச் சாப்பிட்டு விளையாடுகிறது. செடியை வெட்டிவிட வேண்டுமா?

பதில்: வாந்தியைக் கிளறி இலைத் துண்டைப் பார்த்தீர்களே, அது பெரிய உதவி. ஹைட்ரேஞ்சியாவின் இலையிலும் மொட்டிலும் சயனைடை வெளியிடக்கூடிய பொருள் இருப்பது உண்மைதான். ஆனால் பூனை ஓரிரு கடியோடு விட்டுவிடும் என்பதால் பெரும்பாலும் வாந்தி, வயிற்றுப்போக்கோடு அடங்கிவிடுகிறது. நம் மலையின் அமில மண்ணில் பூ நீலமாக இருக்கும், சுண்ணாம்பு கலந்த மண்ணில் இளஞ்சிவப்பாகும். எந்த நிறத்துச் செடியானாலும் இலையின் குணம் ஒன்றுதான். இதை வெட்ட வேண்டாம். குட்டிக்கு எட்டாதபடி தாழ்ந்த கிளைகளைக் கழித்துவிட்டு, சுற்றிலும் கம்பிவலை கட்டுங்கள்.

என் கவலையெல்லாம் அசேலியாதான். சோலைக்காடுகளில் செக்கச்செவேலென்று பூக்கும் காட்டுப் பூவரசுக்கு அது நெருங்கிய உறவு. அசேலியாவிலுள்ள கிரயனோடாக்சின் என்ற நஞ்சு நரம்பையும் இதயத் தசையையும் தாக்கும். சில இலைகளே போதும். சில மணி நேரத்தில் எச்சில் ஒழுகும், வாந்தி நிற்காது, நடை தள்ளாடும், நாடித் துடிப்பு குறையும். முறிவு மருந்து கிடையாது. திரவம் ஏற்றி, இதயத் துடிப்பைக் கவனித்துத்தான் காப்பாற்ற வேண்டும். ஆகவே அதை வேரோடு எடுத்துவிடுங்கள். வெட்டிய கிளைகளைச் சாலையோரம் எறிந்துவிடாதீர்கள். மேய வரும் ஆடு மாடுகளுக்கும் அது நஞ்சு.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வீட்டில் லில்லிப் பூச்செண்டு இருக்கிறதா? மீசையில் ஒட்டிய அதன் ஆரஞ்சு நிற மகரந்தத் தூளை நக்கினாலே பூனையின் சிறுநீரகம் ஒன்றிரண்டு நாளில் செயலிழந்துவிடும். பூ வைத்த ஜாடித் தண்ணீரும் ஆபத்து. முதல் நாள் வாந்தி எடுத்துவிட்டு, மறுநாள் தெளிந்ததுபோலவே தெரியும். அதை நம்பி இருந்துவிட்டு, மூன்றாம் நாள் சிறுநீர் வரவில்லை என்று தூக்கிக்கொண்டு வருபவர்களைப் பார்க்கும்போது மனம் கனத்துப்போகிறது. 18 மணி நேரத்துக்குள் திரவம் ஏற்றத் தொடங்கினால் பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு. லில்லி என்று சந்தேகம் வந்தாலே, பூனை எவ்வளவு தெளிவாக இருந்தாலும், அந்த நிமிடமே கால்நடை மருத்துவரிடம் கிளம்புங்கள். ஓடையோரம் வெள்ளையாகப் பூத்து நிற்கும் காலா லில்லி வேறு வகை. அது சேப்பங்கிழங்கைப் போல வாயைக் கடுமையாக அரிக்கும், சிறுநீரகத்தைத் தொடாது.

எதைத் தின்றதாகத் தெரிந்தாலும் உப்புத் தண்ணீர் புகட்டாதீர்கள். பாராசிட்டமால் ஒரு துண்டுகூடக் கொடுக்காதீர்கள், பூனையின் ஈரல் அதைத் தாங்காது. வாயில் ஒட்டியிருக்கும் இலையைத் துடைத்துவிட்டு, அந்தச் செடியின் ஒரு கொத்தைப் பையில் போட்டுக் கையோடு கொண்டுவாருங்கள். இருட்டிய பிறகு மலைப்பாதையில் இறங்க வேண்டியிருந்தால், எந்த மருத்துவர் இருக்கிறார் என்று முதலில் தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பச்சையைக் கடிப்பது பூனையின் இயல்பு, அதட்டினால் மாறாது. ஒரு தொட்டியில் கோதுமை விதைத்து ஜன்னலோரம் வையுங்கள். விரல் நீளம் வளர்ந்ததும் குட்டி ஆசைதீரக் கடிக்கட்டும்.