கவனமாக வழுக்கி விழவும்! – வாசகர் கேள்வி பதில்

கே: ‘கவனமாக வழுக்கவும்’ என்று ஆங்கிலத்தில் எழுதிய சீன போர்டு படம் அடிக்கடி வருகிறது. நிஜமா, யாராவது கட்டிவிட்டதா?

ப: நிஜம்தான். ஈரத் தரையில் வைக்கும் அந்தப் பலகையில் சீனத்தில் நான்கே எழுத்து: ஷியாவ், ஷின், தீ, ஹுவா. முதல் இரண்டும் சேர்ந்தால் ‘கவனம்’. கடைசி எழுத்து ‘வழுக்கும்’. வம்பெல்லாம் மூன்றாவதில். ‘தீ’ என்று வாசித்தால் அது தரை. ‘த’ என்று வாசித்தால் நம் ‘ஆக’ மாதிரி ஒரு விகுதி. சொற்களுக்கு நடுவே சீனத்தில் இடைவெளியும் விடுவதில்லை. ஆகவே ‘கவனம், தரை வழுக்கும்’ என்பதைப் பழைய மொழிபெயர்ப்பு மென்பொருள் ‘கவனமாக வழுக்கு’ என்று பிரித்துவிட்டது. சீனர் யாரும் இதில் தடுமாறுவதில்லை. ஈரத் தரைதான் கண்ணெதிரே இருக்கிறதே.

கே: சூப்பர் மார்க்கெட்டில் உலர்பொருள் பகுதிக்கு மேலே கெட்ட வார்த்தை தொங்குமாமே?

ப: தொங்கியது. 1950-களில் சீன எழுத்துகளை எளிமையாக்கியபோது, ‘உலர்ந்த’ என்பதற்கும் ‘செய்’ என்பதற்கும் தனித்தனியாக இருந்த எழுத்துகளை மூன்றே கோடு கொண்ட ஒரே எழுத்தாகச் சுருக்கிவிட்டார்கள். ‘செய்’ என்பதற்குக் கொச்சையில் படுக்கையறை அர்த்தமும் உண்டு. பழைய மொழிபெயர்ப்பு மென்பொருள் அதையே எடுத்துக் கொடுக்க, காய்ந்த காளானுக்கு மேலே இங்கே அச்சிட முடியாத அந்த நான்கெழுத்து ஆங்கில வார்த்தை ஏறியது. கடைக்காரருக்கும் ஆங்கிலம் தெரியாது, போர்டு எழுதியவருக்கும் தெரியாது, யார் தடுப்பது?

2008 ஒலிம்பிக்ஸுக்கு முன்பே பெய்ஜிங்கில் திருத்தும் வேலை மும்முரமாக நடந்தது. 2017 டிசம்பர் 1 முதல் பொது இட ஆங்கிலத்துக்கு நாடு தழுவிய தர வரையறையே வந்துவிட்டது; 3,500-க்கும் மேற்பட்ட தொடர்களுக்குச் சரியான ஆங்கிலம் அதில் இருக்கிறது. படம் பிடிக்க அலைகிறவர்கள் இனி சின்னக் கடைகளைத்தான் நம்ப வேண்டும்.

கே: ஜப்பானில் குடிக்கிற பானத்துக்கு ‘போகாரி ஸ்வெட்’ என்று பெயர். வியர்வையா?

ப: இது பிழையே அல்ல. வியர்வையில் போகும் நீரையும் உப்பையும் ஈடுகட்டும் பானம் என்று சொல்ல, 1980-ல் ஒட்சுகா நிறுவனம் தெரிந்தே வைத்த பெயர். ‘போகாரி’க்குப் பொருள் எதுவும் கிடையாது. ஜப்பானியப் பொட்டலங்களில் ஆங்கிலம் பெரும்பாலும் அலங்காரம். ஆனால் ‘கல்பிஸ்’ என்ற பால் பானம் அமெரிக்காவில் ‘கல்பிகோ’ என்றுதான் விற்கிறது. ஜப்பானியப் பெயர் ஆங்கிலக் காதில் மாட்டு மூத்திரம் என்று விழும்!

கே: ஆங்கிலேயர்கள் இப்படிச் சொதப்ப மாட்டார்கள், இல்லையா?

ப: 2008-ல் பிரிட்டனின் வேல்ஸ் பகுதியிலுள்ள ஸ்வான்சீயில், கனரக வாகனங்களைத் தடுக்கும் போர்டு ஒன்றுக்கு அந்த ஊர் மொழியான வெல்ஷில் மொழிபெயர்ப்பு கேட்டு நகராட்சி ஈமெயில் அனுப்பியது. உடனே வெல்ஷில் பதில் வந்தது. அப்படியே போர்டில் ஏற்றினார்கள். அதன் பொருள்: “நான் இப்போது அலுவலகத்தில் இல்லை. மொழிபெயர்க்க வேண்டியதை அனுப்பி வையுங்கள்.”

கே: எங்கள் மசாலா பாக்கெட்டில் ஆங்கிலமும் அரபியும் போட வேண்டும். நாங்களும் சிரிப்புக்கு ஆளாகாமல் இருக்க என்ன வழி?

ப: முதலில் மூல வாசகத்தைச் சரிசெய்யுங்கள். எழுவாய் இல்லாத துண்டு வாக்கியம், இரட்டை அர்த்தச் சொல் இரண்டும் வேண்டாம். பண்டத்தின் பெயரைப் பெயர்க்கவே கூடாது. ஒலியை அப்படியே எழுதி, கீழே என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று போட்டால் போதும். ‘கணவன் மனைவி நுரையீரல் துண்டுகள்’ என்று சிரிப்பாய்ச் சிரித்த சிச்சுவான் உணவு, மிளகாய் எண்ணெயில் ஊறிய மாட்டிறைச்சியும் மாட்டின் உள்ளுறுப்புகளும்தான்.

மொழிபெயர்த்ததை வேறொரு மென்பொருளில் போட்டுத் தமிழுக்குத் திருப்பிப் பாருங்கள். அதே மென்பொருளில் திருப்பினால் அது தன் தப்பைத் தானே மறைத்துவிடக்கூடும். ஒவ்வாமை எச்சரிக்கை, பயன்படுத்தும் அளவு இரண்டையும் மனித மொழிபெயர்ப்பாளரிடம் மட்டுமே கொடுங்கள். அங்கே பிழை வந்தால் சிரிப்பு வராது, வழக்கு வரும்.

பலரும் கோட்டைவிடுவது கடைசிக் கட்டத்தில். அரபி வலமிருந்து இடமாக, எழுத்துகள் கோத்து எழுதப்படுவது. அதற்கான வசதியை இயக்காத டிசைன் மென்பொருளில் ஒட்டினால் எழுத்துகள் தனித்தனியாக உதிர்ந்து, வரிசையும் தலைகீழாகிவிடும். அரபி தெரியாத டிசைனருக்கு அது அழகாகவே தெரியும்! எனவே அரபி படிக்கத் தெரிந்தவரிடம் வேர்டு ஃபைலைக் காட்டி ஓகே வாங்காதீர்கள். எழுத்துரு உள்ளடங்கிய அச்சுக்குப் போகும் பி.டி.எஃப்.பைக் காட்டி வாங்குங்கள்.