நூலகத்துக்கு ஒரு பிரதி

கேள்வி: சொந்தச் செலவில் கவிதைத் தொகுப்பு போட்டேன். ஐ.எஸ்.பி.என். (நூலுக்கான பன்னாட்டு அடையாள எண்) வாங்கியாயிற்று. கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் அனுப்ப வேண்டுமா?

பதில்: கட்டாயம். ஐ.எஸ்.பி.என். வேறு, இது வேறு. 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி, நூல் வெளியான 30 நாளுக்குள் நான்கு நூலகங்களுக்கு ஆளுக்கொரு பிரதி, உங்கள் செலவிலேயே போகவேண்டும்: கொல்கத்தா, சென்னை கன்னிமாரா, மும்பை, டெல்லி. கொல்கத்தாவுக்குப் போவது படம், வரைபடம் எதுவும் விடுபடாத, நல்ல தாளில் அச்சான, பைண்டு செய்த பிரதியாக இருக்கவேண்டும். மூலை மடங்கிய மிச்சத்தைத் தள்ளிவிடாதீர்கள்! தபாலில் அனுப்பி, நூலகம் தரும் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். முதற்பதிப்பை அனுப்பியிருந்தால், மாற்றமில்லாத மறுபதிப்புக்குத் தேவையில்லை. சட்டம் வைத்த அபராதம் 50 ரூபாய் வரை, கூடவே நூலின் விலை. பலர் அலட்சியம் செய்வதில் வியப்பில்லை.

கேள்வி: கொல்கத்தா தேசிய நூலகத்தில் தமிழ் தெரிந்தவர்களுக்கு வேலை உண்டா?

பதில்: தமிழ்ப் பிரிவே இருக்கிறது, தமிழறிஞர் வையாபுரிப்பிள்ளையின் நூல் சேகரிப்பும் அங்கேதான். நூலக அறிவியல் பட்டம் வேண்டும். பட்டியலிடுவது முக்கிய வேலை. அட்டையில் புனைபெயர், உள்ளே இயற்பெயர், பதிப்பாண்டே கிடையாது என்று வரும் நூல்தான் படுத்தியெடுக்கும். உங்கள் தொகுப்பிலும் தலைப்புப் பக்கத்தின் பின்புறத்தில் பெயரும் பதிப்பாண்டும் சரியாக இருக்கின்றனவா என்று ஒருமுறை பாருங்கள்.